போட்டுப் பெயர்

பாம்பன் ஆஸ்பத்திரி, கர்ப்பிணிகள் நாள்.
வரிசையின் கடைசியில் வழிவிட்டாள்,
வயது முப்பத்தி நாலு, சின்னப்பாலம், தொழில்: பாசி.
விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.
எட்டு மாதமாக அவள் சீட்டில் 'இடுப்பு வலி' என்றே எழுதிவருகிறோம்.
வெள்ளை மாத்திரை. போன மாதம் மஞ்சள்.

புது டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்:
"உறவின்போது வலி இருக்கா?"

"உறவுன்னு பெருசா யாருமில்ல டாக்டர்.
அண்ணன் ஒருத்தன் மூக்கையூர்ல. பேச்சுவார்த்த கெடையாது."

டாக்டர் என்னைப் பார்த்தார்.
பதினோரு வருஷ நர்ஸ், நான் காலண்டரைப் பார்த்தேன்.
தாம்பத்தியம் என்றேன்;
பத்திரிகையில் அச்சடிக்கிற சொல், அவளைத் தொடவே இல்லை.
வீட்டுக்காரரோட சேரும்போது என்றேன்.
"சேந்துதான இருக்கோம், தீத்துக்கிட்டா போனோம்?"

மிச்சமிருந்ததெல்லாம் வசவு.
மீன் ஏலத்தில் சண்டை மூண்டால்
இதற்கு நூறு சொல் பறக்கும்.
வலிக்கிறது என்று சேர்த்துச் சொல்ல
அதில் ஒன்றுகூட உதவாது.

ஒன்பதாம் வகுப்பில் புணர்ச்சி விதி வந்தபோது
தமிழய்யா "நீங்களே படிச்சுக்கங்க" என்று பக்கத்தைத் தள்ளினார்.
பையன்கள் இருமினார்கள். நான் படித்தேன்.
இரண்டு உயிர் அருகருகே வந்தால் தாமாகச் சேராது,
நடுவில் ஒரு மெய் உடம்பட வேண்டும்.
மணி, அடித்தது. மணியடித்தது.
அந்த 'ய்'க்கு உடம்படுமெய் என்று பெயர்.
இரண்டு மதிப்பெண்.

கதவைச் சாத்தினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
"ராத்திரி, புள்ளைக தூங்கினதும், அவரு கிட்ட வரும்போது..."

டியூப் லைட்டை நிமிர்ந்து பார்த்தாள்.
நெடுநேரம்.
"பாறையில கால் கிழிஞ்சிருக்கும்ல,
அதோடவே மறுநாள் கடல்ல எறங்குவோம்ல, அப்படி.
பல்லக் கடிச்சுக்கிட்டு
கட்டக்கோரை எத்தனை கிலோ, கஞ்சிப்பாசி எத்தனை கிலோன்னு
கணக்குப் போட்டுக்கிட்டே கெடப்பேன்.
கணக்கு முடியறதுக்குள்ள அவருக்கு முடிஞ்சிரும்."

எத்தனை நாளா?

"மூத்தவ பொறந்ததுல இருந்து."
மூத்தவள் தங்கச்சிமடத்தில் பத்தாவது படிக்கிறாள்.

டாக்டர் எழுதினார்: டிஸ்பரூனியா.
கிரேக்கமாம். பக்கத்தில் படுப்பது சரியில்லை என்று அர்த்தமாம்.
"இதுக்குப் பேரெல்லாம் இருக்கா?" என்றாள் வழிவிட்டாள்.
அவளுக்காக ஒருமுறை உடைத்துச் சொன்னேன், டிஸ், பரூ, னியா.
வாய்க்குள் போட்டுப் பார்த்தாள்.
"ஏதோ ரோமாபுரிக்காரன் போட்டுக்கு வச்ச பேரு மாதிரி இருக்கு நர்ஸக்கா."
முதல்முறையாக அவள் பல்லைப் பார்த்தேன்.

புண் இருந்தது. மருந்து இருந்தது.
கூடவே ஒரு டியூப் ஜெல்லி, வெளியில் வாங்க வேண்டியது.
உப்புத்தண்ணியில் கழுவிக்கொண்டு போய்விடுமா என்று கேட்டாள்.
நியாயமான கேள்வி. டாக்டருக்கே பதில் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து
ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.
"இவளும் அந்தப் போட்டுதான்."
அடுத்த வாரம் குந்துகாலிலிருந்து இரண்டு பேர்.
ஒருத்திக்கு வயது ஐம்பத்தி மூன்று.
"என்னம்மா செய்யுது?" என்றால்
சீட்டை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து,
"போட்டு."

ரெஜிஸ்டரில் நான் கிரேக்கத்தில்தான் எழுதுகிறேன்.
மேலதிகாரிகளுக்கு அதுதான் புரியும்.

நேற்று வழிவிட்டாள் மட்டும் வந்தாள்.
வீட்டுக்காரர் சீட்டை எடுத்துப் பார்த்தாராம்.
என்ன எழுதிருக்கு?
வலின்னு எழுதிருக்கு.
யாருக்கு?

"யாருக்குன்னு கேட்டாரு நர்ஸக்கா.
எனக்குன்னேன்.
ஒண்ணுஞ் சொல்லல. பாயை எடுத்துட்டு வாசலுக்குப் போயிட்டாரு.
கோவமான்னு தெரியல.
விடியக்காலம் அவரே காப்பி போட்டாரு, சீனி கூடிப்போச்சு."

எழுந்தவள் திரும்பிக் கேட்டாள்:
"இதுக்கு நம்ம பாஷையில என்ன?"

பார்த்துச் சொல்றேன் என்றேன்.
வெளியே கச்சான் காற்று.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.